மோட்டார் தாங்கும் சைக்கிள்

மார்ச் 3, செவ்வாய்

முழங்கால்: பத்துக்கு ஆறு. மேட்டில் எட்டு.

தினமும் வலியை எழுதி வை, அடுத்த தடவை வரும்போது காட்டு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கோழிப்பண்ணையில் வருஷா வருஷம் ஓசியில் கொடுக்கிற டைரியை இதுவரை அடுப்புப் பற்றவைக்கத்தான் கிழித்திருக்கிறேன். இந்த வருஷத்து டைரிக்கு யோகம் அடித்திருக்கிறது.

நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. எங்கள் வீட்டுக்காரர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். அவர் எழுதுவதை ஈரம் காய்வதற்குள் வாசித்து வாசித்துத்தான் எனக்கு எழுத்து வந்தது. அதனால் என் எழுத்தும் பலகை எழுத்து மாதிரி கொட்டை கொட்டையாக இருக்கும். பக்கம் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

வலியை மட்டும் எழுது என்றார் டாக்டர். அது எந்த இடத்தில் ஏறி எந்த இடத்தில் இறங்குகிறது என்று சொல்லாமல் வலியை மட்டும் எப்படி எழுதுவதாம்? பாலம் தாண்டியதும் மேடு. மேட்டு உச்சியில் நர்சு படிக்கிற பெண்களின் விடுதி. பின் கேரியரில் பன்னிரண்டு அட்டை முட்டையோடு ஆறேகாலுக்கு அங்கே நிற்க வேண்டும். பத்தொன்பது வருஷமாக நின்றிருக்கிறேன். இன்றைக்குப் பாதி மேட்டில் கால் மடங்க மறுத்துவிட்டது. இறங்கித் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது ஆறே முக்கால் ஆகிவிட்டது.

விடுதிச் சமையல்காரர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். "இந்த மாசம் முடியற வரைக்கும் பாக்கறேம்மா. அப்புறம் முட்டை வேன்காரர்கிட்ட சொல்லிடுவேன். பொண்ணுங்க வெறும் வயித்தோட வார்டுக்குப் போவுதுங்க" என்றார். சொல்லிவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பத்தொன்பது வருஷத்தில் அந்த வாசலில் எனக்கு நாற்காலி போட்டது இன்றைக்குத்தான். உட்காரவில்லை.

மார்ச் 4, புதன்

முழங்கால்: ஆறு.

மகள் வெளியூரிலிருந்து பார்சல் அனுப்பியிருக்கிறாள். பிரித்தால் ஒரு சைக்கிள் சக்கரம். நடுவில் பெரிய வட்டத் தகரப்பெட்டி மாதிரி மோட்டார். கூடவே ஒரு பேட்டரி, வயர்கள், கைப்பிடிகள். முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால் சைக்கிள் தானாக மேடு ஏறுமாம். போனில் "அம்மா, நல்ல சைக்கிளா பாத்து மாட்டும்மா, கண்டதுல மாட்டாத" என்று ஏழு தடவை சொன்னாள்.

நல்ல சைக்கிளுக்கு என்ன, என் கருப்பிதான் இருக்கிறதே. பத்தொன்பது வருஷமும் என்னைச் சுமந்தவள். அவளைவிட நல்ல சைக்கிள் யார் வீட்டில் இருக்கிறது?

மார்ச் 5, வியாழன்

மாட்டுவது யார் என்று வீட்டில் பேச்சு. வீட்டுக்காரர் "நானே மாட்டுறேன், நாலு நட்டுதானே" என்றார். எனக்கு உடனே அடுத்த தெருத் தையல்காரர் ஞாபகம் வந்தது. அவரும் நாலு நட்டுதானே என்றுதான் ஆரம்பித்தார். மோட்டார் மாட்டிய மூன்றாம் நாள் முன்சக்கரம் தனியாகப் போனது, அவர் தனியாகப் போனார். தாடை உடைந்து ஒரு மாதம் குழல் வைத்துத்தான் குடித்தார். இப்போதும் பொத்தானை வாயில் கவ்வினால் ஒரு பக்கமாகத்தான் கவ்வுகிறார்.

சரியாக மாட்டத் தெரிந்தது இந்தப் பக்கத்தில் ஒரே கடை. என் ஓர்ப்படியின் கடை.

கொழுந்தன் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். கடை அவளுடையது. ஊரில் அவளுக்கு ஸ்பேனரம்மா என்று பெயர். அவளும் நானும் முகம் கொடுத்துப் பேசி எட்டு வருஷம் ஆகிறது. எதனால் என்று எழுதினால்தான் என்ன, இதை டாக்டர் படிக்கப் போகிறாரா? அவர்கள் புது வீட்டுக்குக் குடிபோன அன்று விருந்து. ஒரு அவசர வேலையை முடித்துவிட்டுக் கடையிலிருந்து நேராக ஓடி வந்து, கையைக் கழுவிவிட்டுக் கரண்டியை எடுத்துப் பரிமாற நின்றாள். நகக்கண்ணில் கருப்பு போகவில்லை. நான் இருபது பேர் முன்னால், "அந்தக் கிரீஸ் கையோட சாப்பாட்டத் தொடாத" என்றேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். சத்தம்கூட வராமல் வைத்தாள்.

தெருவில் பார்த்தால் அக்கா என்பாள். நான் தலையை ஆட்டுவேன். அவ்வளவுதான்.

மார்ச் 6, வெள்ளி

முழங்கால்: ஏழு.

கருப்பியைத் தள்ளிக்கொண்டு போனோம். நான் கடை வாசலிலேயே நின்றுகொண்டேன். ஓர்ப்படி மோட்டாரைப் பார்க்கவேயில்லை. நேராகக் கருப்பியின் ஃபோர்க்கைப் பார்த்தாள், அதாவது முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிற அந்த ரெண்டு கால்களை. குனிந்து, பக்கவாட்டில் ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். அப்புறம் ஒரு கேள்விதான் கேட்டாள்: "இது ஒரு தடவ வளைஞ்சு நிமித்தினதா?"

வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாய் குறுக்கே வந்து நான் விழுந்து ஆறு வருஷம் ஆகிறது. அவர்தான் தீயில் காட்டி நிமிர்த்தினார். அதற்கு மேல் கருப்புப் பெயிண்ட். எனக்கே மறந்துபோன விஷயம்.

"இதுல மாட்ட மாட்டேன்கா" என்றாள். மோட்டார் சக்கரத்தை முன்னால் சுற்றும்போது, நடுவில் இருக்கிற அச்சு பின்னால் சுற்றப் பார்க்குமாம். அதைச் சுற்றவிடாமல் பிடித்து நிற்பது ஃபோர்க்கின் நுனி மட்டும்தானாம். ஒரு தடவை வளைந்து தீயில் நிமிர்ந்த இரும்பு, மிதித்து ஓட்டினால் தாங்கும், மோட்டார் போட்டு மேடு ஏறினால் என்றைக்காவது விட்டுவிடும். என்றைக்கு என்று அவளால் சொல்ல முடியாதாம்.

எத்தனை பொறுமையாகச் சொன்னாள். அதுவே எனக்குப் பொறுக்கவில்லை.

மார்ச் 7, சனி

எங்கிட்ட பழி தீத்துக்கறா. வேற என்ன? பத்தொம்போது வருஷமா உடையாத ஃபோர்க்கு, இவ பாத்த உடனே உடையப் போகுதாம். எட்டு வருஷம் மனசுல வச்சிருந்து இப்ப என் வயித்துல அடிக்கறா. சொல்லட்டும். வேற கடை இல்லாமலா போச்சு.

(வேறு கடை இல்லை.)

மார்ச் 11, புதன்

முழங்கால்: எட்டு. இன்றும் தள்ளிக்கொண்டுதான் போனேன். நாற்காலி அதே இடத்தில் இருந்தது.

வரும் வழியில் தையல்காரரைப் பார்த்தேன். எப்படி விழுந்தது என்று வெட்கத்தை விட்டுக் கேட்டுவிட்டேன். அவரே சிரித்துக்கொண்டு அந்த ஃபோர்க்கை எடுத்து வந்து காட்டினார். தூக்கிப் போட மனசில்லாமல் கடையில் துணி தொங்கவிட வைத்திருக்கிறார். எடை இல்லாத வெள்ளை அலுமினியம். நுனி பிஸ்கட்டைக் கடித்த மாதிரி உடைந்திருந்தது. "உங்க ஓர்ப்படி மாட்ட மாட்டேன்னு சொல்லிச்சு. நான்தான் கேக்கல. வீட்டுல வச்சு நானே மாட்டிக்கிட்டேன்" என்றார்.

அப்படியானால் அவரிடமும் இதைத்தான் சொல்லியிருக்கிறாள். தையல்காரர் அவளுக்கு என்ன பகையா?

சனிக்கிழமை எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். பேனாவால் அடித்தாலும் எழுத்து கொட்டை கொட்டையாகத் தெரியும். இருக்கட்டும்.

மார்ச் 15, ஞாயிறு

முழங்கால்: ஐந்து. ஞாயிறு என்பதால் மேடு இல்லை.

வேறு சைக்கிள் பார்த்துத் தரச் சொல்லி வீட்டுக்காரரை ஓர்ப்படியிடம் அனுப்பினேன். பழைய சைக்கிள் கிடங்குக்கு மூன்று பேரும் போனோம். வீட்டுக்காரர் பலகை ஏற்றுகிற மூன்றுசக்கர வண்டியில் நானும் ஓர்ப்படியும் ஆளுக்கொரு ஓரமாக, நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தோம்.

கிடங்கில் இருநூறு சைக்கிள் இருக்கும். நான் முட்டை பொறுக்குகிற மாதிரி போனேன், அழுக்கு இல்லாதது, கீறல் இல்லாதது, வடிவானது என்று. அவள் பார்த்த விதத்தை எழுத வேண்டும். எதையும் கையால் தொடுவதற்கு முன்னால் தூரத்தில் நின்று பார்க்கிறாள். முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று. அப்புறம் முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுகிறாள், ஹேண்டில்பார் கழுத்தில் ஏதாவது டக்கென்று அடிக்கிறதா என்று. அப்புறம் குழாய்களை விரல் நுனியால் தடவுகிறாள், கண்ணை மூடிக்கொண்டு, காய்ச்சல் பார்க்கிற மாதிரி. எங்கேயாவது மேடு தட்டினால் அதோடு சரி, அடுத்தது. ஒரு சைக்கிளைக் கழித்தால் ஏன் என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறாள். மழைக்குப் பிரேக் பிடிக்காத இரும்பு ரிம். தையல்காரருடையது மாதிரி அலுமினிய ஃபோர்க். கேரியர் மாட்ட ஓட்டை இல்லை.

இருநூறில் ரெண்டு நின்றன.

ஒன்று, தபால் ஆபீஸில் கழித்துவிட்டது. கடுகு நிறம். கழுதை மாதிரி தடித்த உடம்பு. குறுக்குக் கம்பி இல்லாமல் தாழ்வாக வளைந்த ஃபிரேம், அதிலும் ஒன்றுக்கு ரெண்டு குழாய். ஃபோர்க் என் கட்டை விரல் கனம். "இதுதான்கா" என்றாள்.

இன்னொன்று நீலம். ஆம்பிளைகள் சைக்கிள், குறுக்குக் கம்பி வைத்தது, மெல்லிசாக, நிமிர்ந்து, பார்த்தால் கிளம்பிவிடும்போல நிற்கிறது. எனக்கு அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. அந்தக் கடுகுக் கழுதையில் ஏறி நான் விடுதி வாசலில் போய் நின்றால் வேன்காரன் சிரிக்க மாட்டானா?

"மோட்டார் ஏத்தறது மேடு மட்டும்தான். ஏறி இறங்கறது உங்க காலு. பின்னாடி பன்னெண்டு அட்டை இருக்கும்போது காலைத் தூக்கி இந்தக் கம்பியைத் தாண்டணும்" என்றாள்.

தாண்டிக் காட்டினேன். எப்படித் தாண்டினேன் என்பது எனக்கும் என் முழங்காலுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

அவள் நீலத்தையும் ரொம்ப நேரம் பார்த்தாள். ஃபோர்க் இரும்பு, நல்ல கனம் என்றாள். பெடல் மாட்டுகிற இடத்து அடியில் கிரீஸும் மண்ணும் கட்டிப் போயிருந்தது. "இந்த அடிமூட்டத் தொடச்சுப் பாத்துட்டுத்தான் சரின்னு சொல்வேன்" என்றாள். சனிக்கிழமை மாட்டலாம், அதுவரை துடைத்து வைக்கிறோம் என்று நீலத்தை எங்கள் வீட்டில் இறக்கினோம். கடுகை அவள் தன் கடைக்கு ஏற்றிக்கொண்டு போனாள். யாராவது கேட்பார்கள் என்றாள்.

மார்ச் 18, புதன்

வீட்டுக்காரரை என்ன சொல்வது! முட்டை போட்டுவிட்டு வருகிறேன், நீலம் புது நீலமாகி நிற்கிறது. கிரீஸைச் சுரண்டி, தேய்த்து, ரெண்டு பூச்சு அடித்து, ஓரத்தில் வெள்ளைக் கோடு இழுத்து, பின்னால் 'முட்டை' என்று எழுதி, அதன் அடியில் சின்னதாக ஒரு முட்டையும் வரைந்திருக்கிறார். அளவுகோல் இல்லாமல் அப்படி ஒரு கோடு இந்த ஊரில் யாரால் இழுக்க முடியும்? முட்டை வியாபாரம் ஆரம்பித்த புதிதில் ஒரு பல் வைத்தியர் கடைக்கு அவர் பல் வரைந்ததைப் பார்க்கவே நான் தினமும் அந்தப் பக்கமாக முட்டை கொண்டு போவேன். என் வட்டத்திலேயே இல்லாத தெரு அது. அந்தக் கதை இருக்கட்டும்.

முழங்கால் எழுத மறந்துவிட்டேன். ஏழு.

மார்ச் 21, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நீலத்தைக் கடைக்குக் கொண்டு போனோம். இன்றைக்கு உள்ளே போனேன், வாசலில் நிற்கவில்லை. ஓர்ப்படி பெயிண்டைப் பார்த்தாள். நல்லா இருக்கு மாமா என்றாள். ஆனால் முகம் மாறிவிட்டது. விளக்கை இறக்கி அடிமூட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "மேல பெயிண்ட் இருக்கு. அடியில என்ன இருக்குன்னு தெரியலயே" என்றாள். வீட்டுக்காரர் சட்டையில் ஒட்டிய நீலத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கடைசியில் அவளும் ஃபோர்க் நல்லாத்தான் இருக்கு, பாப்போம் என்று மோட்டார் சக்கரத்தை எடுக்கப் போனாள்.

என் பையில் எப்போதும் ஒரு சின்ன எவர்சில்வர் கரண்டி இருக்கும். பண்ணையில் அட்டை எடுக்கும்போது அதால் ஒரு ஓட்டம் தட்டிப் பார்ப்பேன். நல்ல முட்டை டிக் என்னும். கண்ணுக்குத் தெரியாமல் முடியளவு விரிசல் இருந்தால் டொக் என்னும். பத்தொன்பது வருஷத்தில் என் காது ஏமாந்தது கிடையாது. சும்மா இருக்க முடியாத கை. நின்றபடியே நீலத்தின் குழாய்களைத் தட்டிக்கொண்டிருந்தேன். மேல் கம்பி டிங். சீட்டுக் குழாய் டிங். முன் குழாய் டிங். அடிமூட்டிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகிற குழாய் — இடது பக்கம் டிங். வலது பக்கம் டொக்.

மறுபடி தட்டினேன். டொக்.

சொல்லவா வேண்டாமா என்று எவ்வளவு நேரம் நின்றேன்? ஒரு நிமிஷம் இருக்கும். சொல்லாமல் விட்டால் மத்தியானம் மோட்டார் ஏறிவிடும், திங்கட்கிழமை மேடு ஏறிவிடலாம், மாதம் முடிய இன்னும் பத்தே நாள். சொன்னால் நான் ஒற்றைக்காலில் நின்று எடுத்த சைக்கிள் போயிற்று. அவர் இழுத்த கோடு போயிற்று. விடுதியும் போயிற்று. அதோடு, சைக்கிள் கடைக்காரிக்கு முட்டைக்காரி பாடம் எடுக்கிறாளா என்று கேட்டுவிட்டால்? கேட்க அவளுக்குப் பாத்தியதை உண்டு. இருபது பேர் முன்னால் கேட்க உண்டு.

"இங்க சத்தம் சரியில்லடி" என்றேன். டி எப்படி வந்தது என்று தெரியவில்லை.

வந்தாள். கரண்டியை வாங்கினாள். ரெண்டு பக்கமும் மாறி மாறித் தட்டினாள். "எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான்கா கேக்குது" என்றாள்.

அதோடு விடுவாள் என்று நினைத்தேன்.

"உங்களுக்கு வேற மாதிரி கேக்குதா?"

"கேக்குது."

"அப்ப சரி" என்று சுரண்டியை எடுத்தாள். "மாமா, சுரண்டணும். கோவிச்சுக்காதீங்க."

நீலம் உரிந்தது. அதன் அடியில் வெள்ளையாகப் பட்டி வந்தது, பலகையில் விரிசலை அடைக்கப் பூசுவார்களே, அது. பட்டி உதிர்ந்ததும் அதன் அடியில், குழாயைச் சுற்றிப் பாதி தூரத்துக்கு, தலைமுடி மாதிரி ஒரு கோடு.

வீட்டுக்காரர் அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். "கிரீஸத் தொடைக்கும்போது பாத்தேன். கீறல்னு நெனச்சேன். பட்டி வச்சுத் தேச்சிட்டேன். பலகையா பாத்துட்டேன்" என்றார். நாற்பது வருஷமாக விரிசலைக் கண்டால் அடைத்துத்தான் பழக்கம். அந்தக் கை வேறு என்ன செய்யும்?

எனக்கு அவரைத் திட்ட வேண்டும்போல இருந்தது. ஓர்ப்படி அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "தொடைக்காம வீட்டுக்குக் குடுத்தது நான். என் தப்பு மாமா" என்றாள்.

அப்புறம் இரும்பு அறுக்கிற வாளை எடுத்து நீலத்தை நடுவில் அறுக்க ஆரம்பித்தாள். ஏண்டி என்றேன். இப்படியே வெளியே போட்டால் யாராவது எடுத்துப் போய்ப் பெயிண்ட் அடித்து ஓட்டிவிடுவார்களாம். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் எழுந்து வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். அவர் இழுத்த வெள்ளைக் கோடு ரெண்டாக அறுபடுகிற வரைக்கும் அசையாமல் பிடித்திருந்தார்.

முழங்கால்: தெரியவில்லை. கவனிக்கவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

அவளுக்குக் கேட்கவில்லை. ஆனாலும் எனக்குக் கேட்கிறது என்றதை நம்பினாள். என் கையைப் பற்றி நான் அப்படி ஒரு வார்த்தை சொன்ன பிறகும், என் காதை நம்பினாள்.

மார்ச் 25, புதன்

முழங்கால்: எட்டு. சமையல்காரர் நாளை எண்ணுவது கண்ணில் தெரிகிறது.

கடுகுக் கழுதையைக் கேட்கப் போனேன். விற்றுப்போயிருக்குமோ என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன். மூலையில் நின்றது. புது பிரேக் வயர், புது பிரேக் கட்டை, பின்சக்கரத்தில் புது டயர். எல்லாம் போட்டு ஒரு வாரம் ஆகியிருக்கும், மேலே தூசி படிந்திருந்தது. "யாராவது கேப்பாங்கன்னுதான்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "கேக்க வந்திருக்கேன்" என்றேன்.

அடிமூட்டு முதல் ஃபோர்க் நுனி வரைக்கும் தட்டிப் பார்த்தேன். எல்லாம் டிங். தபால் ஆபீஸ்காரர்கள் சும்மா வாங்கியிருக்க மாட்டார்கள்.

அவள் மோட்டார் சக்கரத்தை மாட்டினாள். அச்சு சுற்றாமல் இருக்க ரெண்டு பக்கமும் ஒரு சாண் நீளத்துக்கு இரும்புக் கை வைத்து ஃபோர்க்கோடு சேர்த்து முடுக்கினாள். பேட்டரியைக் கேரியரில் வைக்கவில்லை, முட்டைக்கு மேல் அதுவும் சேர்ந்தால் பின்னால் ஆடும் என்று கால் வைக்கிற தாழ்ந்த இடத்தில் ஃபிரேமோடு பொருத்தினாள். பிரேக்கைத் தொட்டாலே மோட்டார் நின்றுவிடுகிற மாதிரி கைப்பிடி. ஒரு நட்டை முடுக்கிவிட்டு, கையை எடுத்துவிட்டு, மறுபடி வந்து அதையே தொட்டுப் பார்க்கிறாள். அந்தக் கையைத்தான் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கருப்பாகத்தான் இருக்கிறது. அது வேறு எப்படி இருக்கும்?

வீட்டுக்காரர் டப்பாவோடு வந்து நின்று, ஒரு பூச்சு மட்டும் என்று தலையைச் சொறிந்தார்.

"பெயிண்ட் மட்டும் வேணாம் மாமா" என்றாள். ரெண்டு பேரும் சிரித்தோம். அவரும் கொஞ்சம் கழித்துச் சிரித்தார்.

மார்ச் 28, சனி

முதலில் முட்டை இல்லை, மணல் மூட்டை. பன்னிரண்டு அட்டை எடைக்கு அளந்து கட்டினாள். என்னை ஏறவிடவில்லை. அவளே ஏறி மேடு போனாள், அவளே இறங்கினாள். இறக்கத்தில் பாலத்துக்கு முன்னால் வேண்டுமென்றே பிரேக்கை அழுத்தி நிறுத்தினாள். ஒரு தடவை. ரெண்டு தடவை. மூன்றாவது தடவை ரோட்டில் தண்ணீர் ஊற்றச் சொல்லி அதன் மேல் நிறுத்தினாள். ஒவ்வொரு தடவையும் இறங்கி ஃபோர்க் நுனியில் கை வைத்துப் பார்த்தாள். அவளுக்கும் ரெண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். தாடை அவளுக்கும் ஒன்றுதான்.

நான்காவது தடவைதான் எனக்கு. குறுக்குக் கம்பி இல்லாததால் நாற்காலியில் உட்காருகிற மாதிரி கால் உள்ளே போய்விட்டது. கைப்பிடியைத் திருகினேன். யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. திரும்பிக்கூடப் பார்த்தேன். அவள் பாலத்து மேல் தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

மார்ச் 31, செவ்வாய்

முழங்கால்: மூன்று. மேட்டிலும் மூன்று.

விடுதி வாசலில் ஆறு மணி ஐந்து நிமிஷம். கேட் இன்னும் திறக்கவில்லை. சமையல்காரர் வாயில் பிரஷ்ஷோடு வந்து பார்த்தார். சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "என்னம்மா இது, தபால் கொண்டாந்தியா?" என்றார். பன்னிரண்டு அட்டையையும் இறக்கினோம். உடைந்தது ஒன்று. அதுவும் அவர் கையில்தான் உடைந்தது. நாற்காலியை எடுத்து உள்ளே போட்டுவிட்டார்.

வேன்காரரைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. "நாளைக்கு ஒரு அட்டை கூட" என்று மட்டும் சொன்னார்.

வரும் வழியில் கடையில் நின்றேன். ஓர்ப்படி ஒரு சக்கரத்தை மடியில் வைத்துக் கம்பி பின்னிக்கொண்டிருந்தாள். காலைச் சாப்பாட்டுக்கு ரெண்டு அவித்த முட்டை வைத்திருந்தாள். என் முட்டைதான், எந்தக் கடையில் வாங்குகிறாளோ. ஒன்றை உரித்தாள். உரித்துவிட்டு யோசித்தாள். என் பக்கம் நீட்டலாமா என்று யோசித்ததை நான் பார்த்தேன். நீட்டவில்லை. நான்தான் கையை நீட்டி வாங்கினேன்.

கொஞ்சம் கிரீஸ் வாசனை. உப்புச் சரியாக இருந்தது.

ஏப்ரல் 9, வியாழன்

முழங்கால்: ரெண்டு. டாக்டர் இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "என்னம்மா, வலிய எழுதச் சொன்னா சைக்கிள் கத எழுதியிருக்க" என்றார். அதேதான் டாக்டர் என்றேன்.

மே 3, ஞாயிறு

நேற்று ஓர்ப்படி ஆள் அனுப்பினாள். பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தர் தன் சைக்கிளுக்கு மோட்டார் மாட்ட வேண்டும் என்று வந்திருக்கிறார். பார்த்த அளவில் நல்ல சைக்கிள்தானாம். "எங்க அக்கா வந்து தட்டட்டும், அப்புறம் சொல்றேன்" என்று அவரை உட்கார வைத்திருக்கிறாள். போய்த் தட்டினேன். எல்லாம் டிங். வாத்தியார் என்னைப் பார்த்து எந்தக் காலேஜ்ல படிச்சீங்க என்றார். பண்ணையில் என்றேன்.

ஒரு மாதத்தில் இது நாலாவது. ஒவ்வொரு தடவையும் பையை வீட்டில் விட்டுவிட்டு வந்து கரண்டிக்காகத் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது என்று புலம்பினேன். இன்றைக்குப் போய்ப் பார்த்தால் கடைச் சுவரில் ஸ்பேனர்கள் தொங்குகிற வரிசையில், பத்தாம் நம்பருக்கும் பன்னிரண்டாம் நம்பருக்கும் நடுவில், புதிதாக ஒரு ஆணி இருக்கிறது. வீட்டுக்காரர் அதற்கு அடியில் சின்ன எழுத்தில் ஏதோ எழுதியிருக்கிறார், ஈரம் இன்னும் காயவில்லை. அக்கா கரண்டி.

மாட்டிவிட்டு வந்தேன்.